கிருமிக்கு ஒட்டிய நோட்டீஸ்

குழாய்க்காரருக்கு உடம்பு முடியாமல் போனது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஆனால் வியாதி முற்றியது என்னவோ, "இவர் நலமானவர்" என்று அச்சடித்த பச்சை அட்டை கையில் கிடைத்த அன்றைக்குத்தான் என்று அவர் மனைவி இன்றைக்கும் அடித்துச் சொல்வாள். அதில் பாதி வீம்பு, பாதி உண்மை. எது எந்தப் பாதி என்பதைக் கதை முடிந்த பிறகு நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்காரர் என்றால் சும்மா வாஷர் மாற்றிவிட்டுப் போகிற ஆள் இல்லை. சுவரில் காதை வைத்தால் உள்ளே எந்த வளைவில் தண்ணீர் கசிகிறது என்று சொல்லிவிடுவார். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் எல்லாக் குழாயையும் மூடச் சொல்வார். அப்புறம் வாசலுக்குப் போய் மீட்டர் முன்னால் குந்திக்கொண்டு அந்தச் சின்னச் சிவப்புச் சக்கரத்தைப் பார்ப்பார். குழாயெல்லாம் மூடியிருந்தும் சக்கரம் சுற்றுகிறதென்றால் எங்கேயோ உள்ளுக்குள் ஓட்டை. தரை காய்ந்து கிடக்கிறதே என்று வீட்டுக்காரர்கள் சத்தியம் பண்ணுவார்கள். அவர் சக்கரத்தைத்தான் நம்புவார்.

அப்படிப்பட்டவருக்குத் தன் உடம்பிலேயே ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. படி ஏறினால் அசதி, உட்கார்ந்தால் அசதி, தூங்கி எழுந்தால் அதைவிட அசதி. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எஸ்ஜிபிடி நாற்பதுக்குள் இருக்க வேண்டியது நூற்று நாற்பது. கல்லீரல் எதனாலோ அடி வாங்குகிறது என்று அர்த்தம். பத்தொன்பது வயசில் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து விழுந்து தொடையை உடைத்துக்கொண்டவர் அவர். அப்போது இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். யாருடைய ரத்தமோ, "சுத்தமானது" என்று யார் கையெழுத்துப் போட்டார்களோ, தெரியாது. அதில் ஹெபடைட்டிஸ் சி வந்திருக்குமோ என்ற சந்தேகத்தோடுதான் கல்லீரல் நல நிலையத்துக்குப் போனார்.

நிலையம் அப்போது ஒரு சபதத்தில் இருந்தது. ஊரில் ஹெபடைட்டிஸ் சி கிருமியே இல்லாமல் செய்துவிடுவது என்று சபதம். அதற்கு இரண்டு வழி. ஒன்று, கிருமியை ஒழிப்பது. இன்னொன்று, கிருமி இல்லை என்று அட்டை கொடுப்பது. இரண்டாவது சீக்கிரம் முடிகிற வேலை. ஒரு லட்சம் பச்சை அட்டை கொடுத்து முடித்தால் பெரிய விழா என்று முடிவு பண்ணியிருந்தார்கள். குழாய்க்காரர் ரத்தத்தை இரண்டு தடவை சோதித்தார்கள். இரண்டு தடவையும் "காணப்படவில்லை". அட்டையைக் கொடுத்து, கைகுலுக்கி, வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சக்கரம் சுற்றுவது நிற்கவில்லை. மறுபடி போனார். வாசல் காவலாளி அட்டையைப் பார்த்தார்.

"நீங்க நலமானவருங்க. நலமானவங்களுக்கு உள்ள வேலை இல்ல."

"எனக்கு உடம்பு முடியலைங்க."

"அட்டையில முடியுதுன்னு போட்டிருக்கே. அட்டைய நம்பவா, உங்கள நம்பவா?"

குழாய்க்காரர் வீட்டுக்குப் போய் ரெஞ்ச் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். காவலாளி பின் கதவைத் திறந்து, "ஏன் இவ்வளவு லேட்டு, ரெண்டாவது மாடியில ஒழுகுது" என்று திட்டி உள்ளே விட்டார். நோயாளியாக நுழைய முடியாத கட்டிடத்தில் அவர் அன்றிலிருந்து குழாய்க்காரராக நுழைந்து போய்க்கொண்டிருந்தார்.

ஒழுகியது இயக்குநர் அறைக் கைகழுவும் தொட்டி. இயக்குநர் முட்டி வலிக்காரர், கைத்தடி வைத்துத்தான் நடப்பார். கழுத்தில் ஒன்றாம் எண் பச்சை அட்டை, அதில் அவர் ரத்த க்ரூப் உட்பட எல்லாம் கொட்டை எழுத்தில். தொட்டிக்கு அடியில் படுத்தபடியே குழாய்க்காரர் தன் கதையைச் சொன்னார். குழாயெல்லாம் மூடியிருக்கிறது, மீட்டர் மட்டும் ஓடுகிறது என்றார்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு மற்றவர்களின் தவறுகளைக் கேட்பதில் பொறுமை அதிகம்.

"பாருங்க, நம்ம நிலையத்தோட கொள்கையே, காணாதது கிடையாது. ரெண்டு தடவை தேடிட்டோம். காணல. அப்புறம் எஸ்ஜிபிடி ஏன் ஏறுதுன்னா, நீங்க குடிக்கிறீங்க."

"நான் தொட்டதே இல்ல சார்."

"யாருக்கும் தெரியாம குடிக்கிறீங்க."

"என் பொண்டாட்டிய கேட்டுப் பாருங்க சார்."

"அவங்களுக்கும் தெரியாம குடிக்கிறீங்க. அதுக்குப் பேர்தான் மறைவான குடி. ரொம்ப ஆபத்தானது. வெளிய தடயமே இருக்காது."

ஆக, மது மறப்பு வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். ஆறு வாரம். வட்டமாக நாற்காலி போட்டு ஒவ்வொருவராக எழுந்து, எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். குழாய்க்காரர் முறை வந்தபோதெல்லாம் "ஆரம்பிக்கவே இல்லை" என்றார். மறுப்புதான் முதல் அறிகுறி என்று ஆசிரியர் குறித்துக்கொண்டார். நான்காம் வாரம் பக்கத்து நாற்காலிக்காரர் பரிதாபப்பட்டு, "அண்ணே, எதையாவது சொல்லிடுங்க. வேணும்னா என் கதையில பாதிய எடுத்துக்கங்க" என்றார். குழாய்க்காரர் வாங்கிக்கொள்ளவில்லை. ஆறாம் வாரம் அவருக்கு, குடியை விட்டதற்காக ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அடுத்த வாரம் எஸ்ஜிபிடி நூற்று நாற்பத்தெட்டு. "மறுபடி ஆரம்பித்துவிட்டார்" என்று கோப்பில் எழுதினார்கள்.

அன்றைக்குத்தான் அவருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. இயக்குநர் அறை வாசலிலேயே நின்று கேட்டார்: "ஒளிஞ்சு குடிக்கிறவன் இருக்கான்னு நம்புறீங்க சார். ஒளிஞ்சிருக்கிற கிருமி மட்டும் இருக்கவே கூடாதா?"

இயக்குநர் கைத்தடியை ஒரு தட்டுத் தட்டினார். "குடிக்கிறவனுக்குப் புத்தி உண்டு, ஒளிவான். கிருமிக்கு ஏது புத்தி?"

குழாய்க்காரருக்கு நியாயமான பதில் சொன்னது சோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற பெண்மணி. நிலையம் முழுக்க அவளுக்கு ஊசியம்மா என்று பெயர். வலிக்காமல் குத்துவாள், வாயால் குத்துவது மட்டும் வலிக்கும். சோதனைக்கூடத் தொட்டியின் அடைப்பை எடுத்துக்கொண்டே குழாய்க்காரர் அவளிடம் கேட்டார்.

"அக்கா, உங்க தேடல்ல மாட்டாம அது இருக்க முடியுமா, முடியாதா?"

"முடியும். நாங்க தேடுறது ரத்தத்தோட தெளிஞ்ச தண்ணியில. அது கொஞ்சூண்டா கல்லீரலோட அணுவுக்குள்ள உக்காந்துட்டா, இல்ல ரத்தத்துல இருக்கிற வெள்ளணுவுக்குள்ள பதுங்கிட்டா, இந்த வலையில விழாது. வலை அவ்வளவுதான். அதுக்காக உனக்கு அதுதான்னு நான் சொல்லல. எஸ்ஜிபிடி ஏற நூறு காரணம் இருக்கு. கொழுப்பு, மாத்திரை, வேற கிருமி, எல்லாம் பாத்தாச்சு, எதுவும் இல்ல. மிச்சம் இருக்கிறத பாக்கணும்ல?"

"எப்படிப் பாக்குறது?"

"நீ சுவத்துல கசிவ எப்படிப் பாப்ப?"

"சந்தேகம் இருக்கிற இடத்துல கொஞ்சம் உடைச்சுத்தான்."

"அதேதான். ஊசி போட்டு கல்லீரல்ல துளியூண்டு சதை எடுத்து, பெரிய லேபுக்கு அனுப்பணும். பயாப்சி. படிவம் இருக்கு. ஆனா இயக்குநர் கையெழுத்து வேணும், தம்பி. அந்தக் கை முட்டியவிட மோசம், மடங்கவே மடங்காது."

படிவத்தில் ஆறாவது கேள்வி: "கிருமி இருக்கக்கூடும் என்பதற்கான சான்றை இணைக்கவும்." கிருமி இருக்கிறதா என்று பார்க்கத்தான் சோதனை. சோதனை வேண்டுமென்றால் கிருமி இருப்பதைக் காட்ட வேண்டும். குழாய்க்காரர் அந்தக் கேள்வியைக் காலி விட்டுக் கொடுத்தார். காலி விட்ட படிவமாதலால் அது மறைவான விஷயங்கள் ஆய்வுக் குழுவுக்குப் போனது.

குழுவில் ஐந்து பேர். மூன்று மணி நேரம் பேசினார்கள். கடைசியில் செயலாளர் எழுந்து, ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது தர்மமில்லை, கிருமிக்கும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்றார். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். நோட்டீஸ் தயாரானது:

"மேற்படி நபரின் கல்லீரலில் அனுமதியின்றிக் குடியிருப்பதாகச் சொல்லப்படும் ஹெபடைட்டிஸ் சி கிருமிக்கு இதனால் தெரிவிப்பது யாதெனில், பதினைந்து நாட்களுக்குள் நேரில் ஆஜராகித் தன் இருப்பை நிரூபிக்க வேண்டியது. தவறினால் தாங்கள் இல்லை என்றே கருதப்படும்."

நோட்டீஸை எதிராளி குடியிருக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே குழாய்க்காரர் சட்டையில், வலது பக்க விலாவுக்கு நேராக, ஒட்டிவிட்டார்கள். பதினைந்து நாள் கிழிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி இரண்டு தடவை படித்தாள்.

"ஏங்க, இத துவைக்கிறதுக்காவது கழட்டலாமா?"

"கழட்டக் கூடாதாம். மேல முத்திரை இருக்கு."

"அது சரி. உள்ள இருக்கிறது படிக்கணும்னா எழுத்த உள்பக்கமால்ல வச்சு ஒட்டியிருக்கணும்."

பதினைந்து நாளும் அவர் அந்தச் சட்டையோடு வேலைக்குப் போனார். தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுக்கும்போதெல்லாம் வீட்டுக்காரர்கள் குனிந்து படித்தார்கள். ஒரு வீட்டில் டம்ளரைத் தனியாக வைத்தார்கள். அவர் அவர்களை உட்கார வைத்து, இது ரத்தத்தின் வழியாகப் பரவுகிறது, டம்ளர் வழியாகவும் தொடுவதாலும் பரவாது என்று ஊசியம்மா சொன்னதையெல்லாம் சொன்னார். இன்னொரு வீட்டில் ஒரு பெண் நோட்டீஸைப் படித்துவிட்டு, தாழ்ந்த குரலில், "எனக்கும் பச்சை அட்டைதாங்க. எனக்கும் அந்த எஸ்ஜிபிடி எண் இறங்கவே மாட்டேங்குது" என்றாள். அவர் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு அவள் முகவரியை எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் போன வீட்டிலெல்லாம் தண்ணீர் மீட்டரைப் பார்த்த கையோடு இந்த மீட்டரையும் விசாரித்தார்.

பதினாறாம் நாள் விசாரணை. பியூன் நடைபாதைக்கு வந்து வெண்கலக் குரலில் கூப்பிட்டார்: "கிருமீ... கிருமீ... கிருமீ..." மூன்று தடவை. நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழவில்லை. "எதிராளி ஆஜராகவில்லை" என்று பியூன் அறிவித்தார். கிருமி இல்லை என்று குழு தீர்ப்பளித்தது. அத்தோடு நிற்கவில்லை. இவ்வளவு தீவிரமாக விசாரிக்கப்பட்டு, இவ்வளவு உறுதியாகக் கிருமி இல்லாத மனிதர் ஊரிலேயே வேறு இல்லை என்பதால், அவர் பழைய அட்டையை வாங்கிக்கொண்டு லட்சமாவது அட்டையை அவருக்கே கொடுப்பது என்று முடிவு செய்தது.

இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். முதல் தடவையாக நாற்காலி கொடுத்தார்.

"விழாவுல புது ரத்த வங்கி திறக்கிறோம். முதல் பாட்டில் ரத்தம் நீங்கதான் மேடையில குடுக்கப்போறீங்க. லட்சமாவது நலமானவரோட ரத்தம். எவ்வளவு பொருத்தம் பாருங்க."

"சார், என் ரத்தத்து மேல எனக்கே சந்தேகம்."

இயக்குநர் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்களுக்கு அந்த பயாப்சி படிவம்தானே வேணும்? ரத்தத்தக் குடுங்க. மேடைய விட்டு இறங்கினதும் கையெழுத்துப் போட்டுடறேன். குடுக்கலைன்னா, கோப்ப மூடிடுவேன். அப்புறம் நீங்க காலம் பூரா நலமானவர்தான்."

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. கல்லீரல் இறுகிக்கொண்டே போகிறது, இன்னும் இரண்டு வருஷம் இப்படியே விட்டால் சுவரே சரிந்துவிடும் என்று ஊசியம்மா சொல்லியிருந்தாள். ஒரு பாட்டில் கொடுத்தால் கையெழுத்து. அந்தப் பாட்டில் யாருக்குப் போகும் என்று கேட்க மாட்டார்கள். அவருக்கு ஏற்றியபோதும் யாரும் கேட்கவில்லை.

மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு உங்க உசுருதாங்க முக்கியம். அத முதல்ல சொல்லிடறேன்."

"ம்."

"ஆனா நம்ம வீட்டுத் தண்ணியில சந்தேகம்னா, அடுத்தவங்க பானையில ஊத்துவீங்களா நீங்க?"

அவர் தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். முடிவு பண்ணிவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

விழா அன்று காலை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் வெளியூர்ப் பெரிய மனிதர்கள். மேடையில் ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு, பக்கத்தில் ஊசியம்மா. ஒலிபெருக்கிக்கு முன்னால் இயக்குநர்.

"இருக்கிறதக் கண்டுபிடிக்கிறது எந்த ஆஸ்பத்திரியும் செய்யும். இல்லைங்கிறதக் கண்டுபிடிக்கிறதுதான் நம்ம நிலையத்தோட பெருமை. நாங்க ஆரம்பிச்சப்போ ஊர்ல எத்தனையோ நோயாளிங்க இருந்தாங்க. இன்னிக்கு வாசல்லயே நிறுத்திடறோம், உள்ள ஒருத்தர்கூட இல்ல. சில பேர் கேக்குறாங்க, மறைவா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு. முறைப்படி நோட்டீஸ் குடுத்தோம். வரல. வேற என்ன செய்ய முடியும்? இந்த மனிதரோட ரத்தம் ஊத்துத் தண்ணி மாதிரி. எனக்கே தேவைப்பட்டா, கண்ண மூடிட்டு ஏத்திக்குவேன்."

கைதட்டல் அடங்கியது. குழாய்க்காரர் கட்டிலில் படுத்தார். ஊசியம்மா பட்டையைக் கட்டினாள். ஊசி தோலைத் தொடும்போது அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"சார், கடைசியா சொன்னத இன்னொரு தடவை சொல்லுங்க."

"எத?"

"தேவைப்பட்டா ஏத்திக்குவேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அதுக்கென்ன?"

ஊசியம்மா பஞ்சை மடித்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். "அடுத்த திங்கக்கிழமை உங்க முட்டி ஆபரேஷனுக்கு ரெண்டு பாட்டில் எடுத்து வைக்கச் சொல்லி நேத்து சீட்டு வந்துது சார். உங்க அட்டையில இருக்கிற க்ரூப்பும் இவர் க்ரூப்பும் ஒண்ணுதான். இதையே உங்க பேர் எழுதி வச்சிடறேன்."

மண்டபத்தில் மறுபடி கைதட்டினார்கள். இப்படி ஒரு பொருத்தம் யாருக்கு அமையும். இயக்குநர் மட்டும் கைதட்டவில்லை. கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அது... அதுக்கு ஒரு முறை இருக்கும்மா."

"முறையெல்லாம் முடிஞ்சுது சார்" என்றார் குழாய்க்காரர். "ரெண்டு சோதனை, ஒரு நோட்டீஸ், ஒரு தீர்ப்பு. நான் கைய நீட்டிட்டேன். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எடுக்கட்டும்."

"அப்படி இல்லப்பா. சோதனையில காணலைங்கிறதால இல்லைன்னு ஆயிடாது. சோதனைக்கும் ஒரு எல்லை இருக்குல்ல. உனக்கு மூணு வருஷமா எஸ்ஜிபிடி வேற ஏறியிருக்கு. எங்கயாவது உள்ள ஒளிஞ்சிருந்தா, ஆபரேஷன் நேரத்துல..."

ஒலிபெருக்கி இன்னும் அணைக்கப்படவில்லை என்பது அவருக்குத் தன் குரல் கடைசி வரிசைச் சுவரில் மோதித் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது.

"ஒளிஞ்சிருந்தா எப்படிப் பாக்குறது சார்?" குழாய்க்காரர் நிதானமாகக் கேட்டார்.

"பயாப்சி..." என்று வாய்க்குள் சொன்னார் இயக்குநர். ஒலிபெருக்கி அதையும் விடவில்லை.

ஊசியம்மா மருந்துத் தட்டுக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்தாள். ஆறாவது கேள்விக்கு எதிரே, எல்லாரும் பார்க்க, வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினாள்: "சான்று: இந்த ரத்தத்தை இயக்குநர் தன் முட்டிக்கு ஏற்க மறுத்தார்." பேனாவை நீட்டினாள். முன் வரிசைப் பெரிய மனிதர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடங்காத கை மடங்கியது.

குழாய்க்காரர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை.

பயாப்சி முடிவு மூன்று வாரத்தில் வந்தது. கல்லீரல் அணுக்களுக்குள் கிருமி இருந்தது. மூன்று வருஷமாக, இரண்டு சோதனைக்கும் ஒரு நோட்டீஸுக்கும் அசையாமல் அங்கேயேதான் இருந்திருக்கிறது. மனைவி காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அழுதாள். அப்புறம், "அப்ப நீங்க குடிக்கல" என்றாள். அவர் முறைத்தார். "சும்மா சொன்னேங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிலையத்துக்குத்தான் சங்கடம். அட்டையைத் திரும்ப வாங்கினால் லட்சத்தில் ஒன்று குறையும். விழா நடந்து முடிந்துவிட்டது, நடந்த விழாவைத் திரும்ப வாங்க விதியில் இடமில்லை. குழு மறுபடி கூடி, குழாய்க்காரர் நலமானவராகவே நீடிப்பார் என்றும், நோயாளியாகக் கிருமியின் பெயரிலேயே தனிக் கோப்புத் திறக்கலாம் என்றும் தீர்மானித்தது. பெயர்: கிருமி. முகவரி: மேற்படி நபரின் கல்லீரல். மாத்திரைகளைக் கிருமியின் பெயரில் கொடுத்தார்கள். குழாய்க்காரர் "கிருமிக்காக" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். தன்னைக் கொல்ல வாங்கிய மருந்துக்குத் தானே கையெழுத்துப் போட்ட கிருமி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பெரிய லேப் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: இப்படிப் பதுங்கியிருப்பதற்கு இந்த மாத்திரை எவ்வளவு கேட்கும் என்று படித்தவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், போட்டுப் பார்த்துச் சக்கரத்தைக் கவனிப்போம் என்று. அந்தப் பேச்சு குழாய்க்காரருக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று ஒருவர் சொல்லி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. நான்காம் மாதம் எஸ்ஜிபிடி ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. நின்றுவிட்டது என்று அவர் சொல்லவில்லை. மெதுவாகச் சுற்றுகிறது என்றார்.

மற்றவர்கள் என்றால் அத்தோடு வீட்டில் இருந்திருப்பார்கள். இவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மனைவி பத்திரமாக மடித்து வைத்திருந்த அந்தப் பழைய சட்டையை, நோட்டீஸோடு, எடுத்துப் போட்டுக்கொண்டார். ரெஞ்ச் பையை எடுக்கவில்லை. முன் வாசலுக்கே போனார். பின்னால் முப்பத்தொரு பேர் வந்தார்கள். முன்பு தாழ்ந்த குரலில் பேசிய அந்தப் பெண், ஒரு லாரி ஓட்டுநர், ஒரு கணக்கு வாத்தியார், மது மறப்பு வகுப்பில் தன் கதையில் பாதியைக் கொடுக்க வந்தவர். எல்லார் கையிலும் பச்சை அட்டை. கூடவே, இறங்காத எண் எழுதிய சீட்டு.

காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். "நலமானவங்களுக்கு உள்ள..."

"தெரியும்" என்றார் குழாய்க்காரர். அப்படியே நின்றார். மற்றவர்களும் நின்றார்கள். கால் மணி, அரை மணி. யாரும் கத்தவில்லை, யாரும் நகரவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பியூன் வந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். கைத்தடிச் சத்தம் கேட்டது. இயக்குநர் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"யாருய்யா இவங்கெல்லாம்? யார் வரச் சொன்னது?"

"நீங்கதான் சார்" என்றார் குழாய்க்காரர், விலாப் பக்கத்து நோட்டீஸைத் தட்டி நேராக்கிக்கொண்டே. "நடைபாதையில நின்னு கிருமீ கிருமீன்னு மூணு தடவை கூப்பிட்டீங்களே. வந்திருக்காங்க."